இருபதாவது சுவர்

கரியாலூரில் என் மைத்துனர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பும் பேருந்தில்தான் எனக்குச் செய்தி வந்தது. மலைப்பாதை இறங்கி முடிந்ததும் நடத்துநரின் கைபேசி ஒலித்தது. பேசி முடித்தவர் பேருந்து முழுக்க ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்து குனிந்தார்.

"சார், நீங்க தியாகதுருகத்துல மாணிக்கம் சார் தெருதான?"

ஆமாம் என்றேன்.

"காலைல மாணிக்கம் சார் தவறிட்டாராம் சார். எங்க செட்டுப் பையன் இப்பதான் சொன்னான்."

அந்த நடத்துநர் எங்கள் கல்லூரியில் படித்தவர். மூன்று வருடம் என் வரலாற்று வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் என்பது பேசப் பேசத் தெரிந்தது. என் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆய்வக உதவியாளராக இருந்த மாணிக்கத்துக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டே மற்றவர்களுக்குச் சீட்டுக் கிழித்தார். துக்கம் எனக்கும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வயிற்றில் ஒரு எரிச்சல் வந்தது. செத்த செய்தியில்கூட நான் அவருடைய தெருக்காரன்.

பழைய மாணவர்கள் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி வந்தவர்களும், "பக்கத்து வூட்டுக்காரர்ன்ற முறையில நீங்க எழுதணும் சார்" என்றுதான் கேட்டார்கள். அந்தத் தெருவைப் பற்றி முதல் மனு எழுதியவன், அந்தத் தெருவின் வரலாற்றை எழுதியவன், தாத்தா காலத்திலிருந்து அங்கே வாழ்பவன் என்ற முறையில் இல்லை. சரி, அப்படியே எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக நல்லது சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்ததைச் சொல்கிறேன்.

இருந்தது ஒரு சுவர். ஒன்றரை அடி கனம், செங்கலும் சுண்ணாம்பும். கோட்டை மலைக்குக் கீழே, கல்லூரி மைதானத்துக்கு எதிரே, ஒரே வரிசையாக இருபத்தோரு வீடுகள். பதிவேட்டில் அதற்குப் பெயர் மலையடித் தெரு. கல்வராயன் மலையிலிருந்து இறக்கிய மரத்தில் உத்திரம், மேலே நாட்டு ஓடு, உள்ளே சின்ன முற்றம். ஒரு வீட்டு உத்திரத்தின் நுனி அடுத்த வீட்டுச் சுவரில் போய் உட்கார்ந்திருக்கும். கடைசி வீடு, குளக்கரையை ஒட்டியது, என்னுடையது. அதற்கு முந்தையது மாணிக்கத்தின் மனைவி வீட்டார் வீடு. நைனார்பாளையத்திலிருந்து மருமகனாக வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ஒன்றரை அடிச் சுவரில் பேச்சு கேட்காது. சிரிப்பு மட்டும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மேசையில் விடைத்தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் சிரிப்பார்கள். என்ன சொன்னார், எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாமல் சிவப்பு மைப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு வேதனை. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று பல வருடம் நம்பினேன். அப்படி இல்லை என்று தெரிந்தபோது அதைவிடக் கோபம் வந்தது.

எங்கள் தெருவில் முன்னறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவது வழக்கம். மலையிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் வந்த பையன்கள், பெரும்பாலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரியைப் பார்த்தவர்கள். விடுதியில் சேர வழியில்லாதவர்களுக்கு எங்கள் தெருதான் விடுதி. அந்த இருபத்தோரு முன்னறை இல்லையென்றால் பாதிப் பேர் படிப்பை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போயிருப்பார்கள். இதை நான் மனுவிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் எந்தப் பையனுக்கு அறை கொடுப்பது, எவனுக்கு இல்லை என்று சொல்வது என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. என் வீட்டுக்கும் இருந்தது. மாணிக்கம் வீட்டுக்கு மட்டும் இல்லை. கூலி வேலை செய்கிற வீட்டுப் பையன்கள் நேராக அங்கேதான் போவார்கள். அதனால் அவர் பெரிய மனிதராகிவிட்டார் என்று அப்போது என் மனைவி கமலாவிடம் நக்கலாகச் சொல்லியிருக்கிறேன். அவள் எழுந்து மாணிக்கம் வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோனாள்.

கல்லூரியில் அவர் இயற்பியல் ஆய்வகத்து உதவியாளர். தராசு, ஊசல், லென்சு இவற்றைத் துடைத்து வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும் வேலை. நடுங்கும் கையோடு தராசைத் தொடும் பையன்களிடம், "அவசரப்பட்டு ஒன்னும் தொடாதப்பா. அது ஆடி முடிச்சி தானா நிக்கும், அப்ப பாத்துக்கலாம்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன் தெரியுமா? மாவட்டத்தில் பெரிய பதவிக்குப் போன ஒருவர், என் வகுப்பில் படித்து மாணிக்கம் வீட்டு முன்னறையில் தங்கியவர், கல்லூரி விழாவில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். நானும் அந்த மாணவருக்கு மூன்று வருடத்தில் ஆயிரம் வாக்கியம் சொல்லியிருப்பேன். ஒன்றும் நிற்கவில்லை.

இனித் தெருவின் கதைக்கு வருகிறேன். கல்லூரி நிர்வாகம் அந்த வரிசை முழுவதையும் வாங்கி இடித்துவிட்டுப் புது விடுதியும் பெரிய வாசலும் கட்டத் திட்டமிட்டது. அது தெரிந்ததும் பொங்கியவன் நான்தான். தெருப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஆரம்பித்தேன். நான்தான் தலைவன். வரலாற்றுப் பின்னணியோடு பதினான்கு பக்க மனு எழுதினேன். அதோடு சேர்க்க, தெருவை அளந்து ஒரு வரைபடமும் போட்டேன். ஆய்வகத்திலிருந்து நீளமான டேப்பை எடுத்து வந்து மறுமுனையைப் பிடித்தவர் மாணிக்கம். வீடு வீடாக உள்ளே போய் அளந்தோம். நான் எழுதினேன், அவர் பிடித்தார். அந்த ஒரு மாதம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

வரைபடத்தைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூட்டம் போட்டு விரித்துக் காட்டினேன். எல்லாரும் அவரவர் வீட்டைத் தேடினார்கள். தையல்கடைக்காரர் மட்டும் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். துணி அளந்து அளந்து பழகிய கண். பிறகு நிமிர்ந்து, "வாத்தியாரே, இன்னா இது, உங்க வூடு கொளத்துக்குள்ள இருக்குது?" என்றார்.

இருந்தது. குளக்கரையை அளந்து சரியாகத்தான் போட்டிருந்தேன். வீடுகளையும் அளந்துதான் போட்டிருந்தேன். ஆனால் வரிசை முடியும்போது தெரு முப்பது அடி நீண்டு, என் வீடு முழுதாகத் தண்ணீருக்குள் நின்றது. கூட்டம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. "தன் வூட்டையே கொளத்துல கட்டிக்கினவரு நம்ம வூட்டக் காப்பாத்தப் போறாராம்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எனக்கு முகம் செத்துப்போனது. அப்போது மாணிக்கம் எழுந்து, "டேப்பு பழசுங்க. இழுத்து இழுத்து நீண்டு போச்சி. நான் பாத்துக் குடுத்திருக்கணும், என் தப்பு" என்றார். டேப்பில் ஒரு குறையும் இல்லை என்பது அதைப் பிடித்த எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், தப்பு எங்கன்னு கண்டுபுட்சிட்டேன். ஒவ்வொரு வூட்டுக்கும் ரெண்டு பக்கச் செவுரையும் சேத்து எழுதிட்டீங்க. நடுவுல இருக்கிற செவுரு ஒன்னுதான? அது இந்த வூட்லயும் வந்திருச்சி, அந்த வூட்லயும் வந்திருச்சி. இருவது செவுரு, ஒன்னர ஒன்னர அடி, முப்பது அடி ஜாஸ்தி."

எம்.ஏ. படித்தவன், ஒரே சுவரை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது தப்பும் இல்ல சார். செவுரு ரெண்டு பேரோடதுதான? ரெண்டு வாட்டிதான் எழுதணும்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்ன சொல்தான் அது. சொல்லிவிட்டு அவரே வரைபடத்தை இன்னொரு முறை விரித்துப் பார்த்தார். பிறகு, "உங்க வூட்டுப் பத்திரம் இருக்குதா சார், கொஞ்சம் காட்றீங்களா?" என்று கேட்டார்.

என் பத்திரத்தில் இருந்தது. அவர் மனைவி வீட்டுப் பத்திரத்திலும் இருந்தது. எல்லார் வீட்டுப் பத்திரத்திலும், யாரும் இத்தனை காலம் படிக்காத ஒரு வரியில், பக்கத்துச் சுவர் பொதுச்சுவர் என்று எழுதியிருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் காட்டினார். பொதுச்சுவரைப் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் இடிக்க முடியாது என்று வழக்கறிஞர் சொன்னார். நான் பதினான்கு பக்கம் எழுதியும் கிடைக்காத வழி, என்னுடைய தப்பிலிருந்து அவருக்குக் கிடைத்தது. சரியாகச் செய்திருந்தாலாவது எனக்குப் பேர் கிடைத்திருக்கும். தப்பும் என்னுடையது, பேரும் எனக்கில்லை.

அந்த நேரத்தில்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்தில் வந்தது. நீங்கள் பலர் அப்போது மாணவர்கள், உங்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். சாலை ஓரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பேருந்து நின்றது. கல்லூரியை மூடினார்கள். எங்கள் வரிசையில் பல சாதிக்காரர்கள் இருந்தோம். போராட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் இருந்தன. அது தங்களுக்கு எதிரானது என்று கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளும் இருந்தன. நேற்றுவரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் குழுக் கூட்டம் கூட்டினேன். நாலு பேர் வந்தார்கள். அந்த நாலு பேரும் மற்ற பதினாறு பேரைத் திட்டினார்கள். குழு அன்றோடு முடிந்தது.

நிர்வாகத்தின் மேலாளருக்கு அது நல்ல சமயம். ஒவ்வொரு வீடாகப் போய், "இவங்க பக்கத்துல இனிமே நீங்க எப்படிங்க இருப்பீங்க?" என்று கேட்டார். அதையே அடுத்த வீட்டிலும் கேட்டார். இரண்டு வீட்டிலும் தலையாட்டினார்கள்.

மாணிக்கம் கூட்டம் எதுவும் கூட்டவில்லை. தாள் வாங்கி வந்தார். ஒரு சுவருக்கு ஒரு தாள். 'இந்தச் சுவர் எங்கள் இருவருக்கும் பொது. ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் இதை இடிக்கவோ, இடிக்க விடவோ மாட்டோம்' என்று எழுதி, கீழே இரண்டு கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். பேருந்து ஓடாத அந்த நாட்களில் யாருக்கும் வேலையும் இல்லை, எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். வீடு வீடாகப் போனார். "அவனுங்களோட சேந்து நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றவர்களிடம் அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

"தெருவோட ஒத்துப் போவ வேணாங்க. யாரு கேட்டா? பக்கத்து வூட்டோட மட்டும் ஒத்துப் போங்க. உங்க உத்திரம் அவங்க செவுத்துல ஒக்காந்துக்கினு இருக்குது, அதுக்காவது."

முதல் இரண்டு வீட்டுக்காரர்களும் போராட்டத்தில் எதிரெதிர்ப் பக்கம். ஒருவர் தன் வீட்டுக்குள் நின்று கையெழுத்துப் போட்டார். மாணிக்கம் தாளை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டில் மற்றவரிடம் வாங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. ஆனால் தாளில் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்படியே ஒவ்வொரு சுவராகப் பத்தொன்பது தாளும் முடிந்தன. நான் பதினெட்டு மாதம் தலைவனாக இருந்து சேர்க்க முடியாத தெருவை ஆய்வக உதவியாளர் ஒன்பது நாளில் சேர்த்துவிட்டார். நான் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டியவன் நான். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

இருபதாவது தாள் எங்கள் இருவருக்கும் உரியது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், சார் வீடு எங்கே போகப்போகிறது என்று நினைத்திருப்பார்.

இனி எழுதப்போவதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. கமலாவின் அம்மாவைப் பார்க்கக் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குப் போயிருந்தோம். திரும்ப வண்டியில்லை. ஒரு டிராக்டர்காரர் பாதி வழி வரை கொண்டுவந்து விட்டார். மீதியை நடந்தோம். ஒரு வளைவில் மரம் விழுந்து கிடந்தது, பத்துப் பதினைந்து இளைஞர்கள் நின்றிருந்தார்கள். யார், எந்த ஊர், என்ன ஆளுங்க என்று கேள்வி. நான் கல்லூரி விரிவுரையாளர் என்றேன். "இன்னா காலேஜி? அதான் மூடியாச்சே" என்றான் ஒருவன். என் பெயரைச் சொன்னேன். ஒருவர் முகத்திலும் மாற்றம் இல்லை. அதில் இரண்டு பேர் என் வகுப்புப் பையன்கள் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கமலா பயந்துவிட்டாள். என் தோளுக்குப் பின்னாலிருந்து, "நாங்க மாணிக்கம் வூட்டுக்குப் பக்கத்து வூடுப்பா" என்றாள்.

"அட, மாணிக்கம் சார் தெருவா? மொதல்லயே சொல்றதில்லயா சார் இத?"

கிளையைத் தூக்கிப் பிடித்தார்கள். கமலாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவன் எங்கள் பையை வாங்கிக்கொண்டு அடுத்த மரம் வரை கூடவே வந்தான். கமலா வழியெல்லாம் அவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே நடந்தாள். நான் முன்னால் வேகமாக நடந்தேன். என் தாத்தா கட்டிய வீட்டுக்கு, அவர் பெயரைச் சொல்லித்தான் நான் போய்ச் சேர வேண்டியிருந்தது.

மறுநாள் காலை மேலாளரைப் போய்ப் பார்த்தேன். கடைசி வீடு கிடைத்தால் போதும், குளக்கரைப் பக்கமிருந்து உள்ளே வந்துவிடலாம், பிறகு மற்றவர்கள் தாமாக வருவார்கள் என்பது அவர்கள் எண்ணம். அவர் முன்பே ஒருமுறை ஜாடையாகக் கேட்டிருந்தார். நான் அப்போது கோபித்துக்கொண்டு மனுவில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தவன். அன்று நானே போய், தருகிறேன் என்றேன். துறைத் தலைவர் பதவியைப் பற்றி அவர் ஏதோ சொன்னார். எனக்கு அது காதில் ஏறவில்லை. மாணிக்கம் சார் தெரு என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்தத் தெரு இல்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்காக என் வீடு முதலில் போகட்டும் என்று நினைத்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கமலாவிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மேலாளர் மாணிக்கம் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தேன். கையில் ஒரு தாள். சுவரை இடிக்கச் சம்மதம் கேட்டு வந்திருக்கிறார். வழக்கறிஞர் சொன்ன சட்டம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. மாணிக்கம் அதை வாங்கிப் படித்தார். அதில் என் பெயரும் என் கையெழுத்தும் இருந்தன. படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். நான் ஐந்தடி தள்ளி நின்றிருந்தேன். இருவரும் பார்த்துக்கொண்டோம்.

"செவுரு பொதுங்க" என்றார் மேலாளரிடம். "என் பாதிய நான் குடுக்கல."

சத்தம் போடவில்லை. தாளை மடித்து மேலாளர் கையிலேயே கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், வெளிய போறீங்களா? வெயில் ஜாஸ்தியா இருக்குது, குடை எடுத்துக்கினு போங்க" என்றார். உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை இருபதாவது தாளோடு வந்தார். தன் கையெழுத்தைப் போட்டிருந்தார். பின்னாலேயே தையல்கடைக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள், கடைசித் தாள் முடிவதைப் பார்க்க. இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர், "சார் போட்ட படத்துலருந்துதான் எல்லாமே வந்திச்சி. அதான் கடைசிக் கையெழுத்து சார்தான் போடணும்னு வச்சிருந்தேன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். போட்டேன். மேலாளர் என் ஒப்பந்தத்தைச் சில நாளில் திருப்பி அனுப்பிவிட்டார். புது விடுதி கள்ளக்குறிச்சி சாலையில் எங்கோ எழுந்தது. எங்கள் வரிசை நின்றது.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அவர் பக்கத்து வீட்டில் இருந்தார். ஒரு நாள், ஒரு பேச்சில், ஒரு பார்வையில்கூட அதைத் தொடவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். ஊரில் சொல்லியிருந்தால் அவரும் சாதாரண மனிதர்தான் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். என்னைக் காப்பாற்றிவிட்டு அதைச் சொல்லாமலும் இருந்தால், ஒரு மனிதன் எப்படித்தான் பக்கத்தில் குடியிருப்பது?

ஒரே வருடத்தில் இருவரும் ஓய்வு பெற்றோம். எனக்குக் கேடயமும் சால்வையும் கொடுத்தார்கள், நிகழ்ச்சி முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அவருக்கு மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். தேனும் பலாப்பழமும் சுமந்து வந்து இறக்கினார்கள். வைக்க இடமில்லாமல் ஒரு பலாப்பழத்தை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பழம் பிரமாதமாக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் கேட்டேன். இருவரும் குளக்கரையில் நின்றிருந்தோம். "ஏன் யார்கிட்டயும் சொல்லல மாணிக்கம்?" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை.

"சொல்லியிருந்தா நீங்க இங்க இருந்திருக்க மாட்டீங்க சார். வூட்ட வித்துட்டுப் போயிருப்பீங்க. அப்புறம் பக்கத்துல எவன் வருவானோ. உங்களயாவது பழகிப்போச்சி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த அதே சிரிப்பு. முதல் தடவையாக, எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் சிரித்தேன் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை. இவருக்கு மட்டும் எப்படி இப்படிச் சொல்ல வருகிறது என்றுதான் நினைத்தேன்.

அவர் இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்தீர்கள். குளக்கரை வரை நின்றது. போராட்ட நாட்களில் சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்கள் தோள் மாற்றித் தூக்கினார்கள். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று எண்ணிப் பார்த்தேன். நீங்கள் தப்பாக நினைத்தாலும் சரி, எண்ணினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, அவர் மகள் செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெங்களூரில் இருக்கிறாள், நான் தூக்கி வளர்த்த பிள்ளை. மாணவர் விடுதி கட்டுகிற ஒருவர் அவள் வீட்டைக் கேட்கிறாராம். ஓடு ஒழுகுகிறது, அம்மாவும் முன்பே போய்விட்டதால் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அவளால் வந்து வந்து போக முடியவில்லை. எல்லாம் நியாயம்தான்.

"அந்தப் பக்கத்து வூட்ல, சார் போட்டா நாங்களும் போடறோம்னாங்க மாமா. உங்க கையெழுத்து ஒன்னுதான் பாக்கி" என்று சுவரை இடிக்கச் சம்மதம் கேட்கும் தாளை நீட்டினாள்.

எந்த முகத்தோடு மறுப்பது? முதலில் நான் செய்ததை அவளிடம் சொன்னேன். மேலாளர், ஒப்பந்தம், வாசல், எல்லாம். கமலா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். சொல்லி முடித்ததும் அவளைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதா? அன்னிக்கி நீங்க வாசல்ல நின்னுக்கினு இருந்தீங்க. நான் உள்ள நின்னுக்கினு இருந்தேன்" என்றாள். அவளும் முப்பது வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அதையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டிருப்பாள்.

செல்வி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இப்ப இன்னா சொல்றீங்க மாமா?"

"செவுரு பொதும்மா" என்றேன். "என் பாதிய நான் குடுக்கல. ஓடு மாத்தறத நான் நின்னு பாத்துக்கறேன். முன்னறைக்குப் பசங்கள நான் வைக்கறேன். யாரு கேட்டாலும் குடுக்கறேன்."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அப்படியே அப்பா பேசற மாதிரி இருக்குது" என்றாள்.

ஆக, மாணிக்கத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியது இவ்வளவுதான்: பாதிச் சுவரும், அதைக் கொடுக்காமல் இருக்க ஒரு வாக்கியமும். வாக்கியமும் அவருடையதுதான். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்கிறேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருடத்தில் அவரைப் போல இருக்கிறேன் என்று என்னை ஒருவர் சொன்னது அன்று ஒரு நாள்தான். அதை அவர் காதில் போட வேண்டும் போல இருந்தது. பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது.